ஜெயினம்புவின் நெல்லி உருண்டை

அத்தியாயம் 7

“அதைக் கீழ வை, மாப்ள.”

ஆண்டிச்சாமியின் கை வாய்க்குப் பாதி தூரத்தில் நின்றது. விரல்களுக்கு நடுவே சுண்டைக்காய் அளவில் ஒரு கறுத்த உருண்டை.

“ஒண்ணே ஒண்ணுண்ணே. காலையில இருந்து பச்சத் தண்ணி பல்லுல படல.”

“சிக்கந்தரும் ஒண்ணுலதான் ஆரம்பிச்சாரு.”

ஆண்டிச்சாமி உருண்டையைக் கண்ணாடிச் சீசாவுக்குள் திரும்பப் போட்டான். விரல்களை வேட்டியில் துடைத்துக்கொண்டான். பிறகு அந்த வேட்டியையே சந்தேகமாகப் பார்த்தான்.

கோரிப்பாளையம் தர்காவுக்குப் பின்னால் இருந்த அந்தச் சந்து வீட்டில் அடுப்பு எரிந்து இரண்டு நாள் ஆகியிருந்தது. வீட்டுக்காரி ஜெயினம்பு போலீஸ் ஸ்டேஷனில் கம்பிக்குப் பின்னால் இருந்தாள். புருஷனை இழந்தவள். நாளைக் காலையில் அவளைக் கொலைக் குற்றத்துக்குக் கோர்ட்டில் நிறுத்தப் போகிறார்கள். அதற்குள் உண்மையைக் கண்டுபிடித்துத் தரும்படி அவள் மகள் சாயிரா பானு கேட்டுக்கொண்டதன் பேரில்தான் முகைதீன் பிச்சை வந்திருந்தார். போலீசில் ஏட்டாக இருந்து, அடித்து வாங்கும் வாக்குமூலங்களில் மனம் கசந்து, வேலையை விட்டுவிட்டுத் தனியாகத் துப்பறிகிறவர் அவர். கையில் எப்போதும் ஓதி உருட்டும் ஒரு தஸ்பீஹ் மணி. பக்கத்தில் எப்போதும் ஆண்டிச்சாமி. இரண்டுமே ஓயாது.

வழக்கு சிறியதுதான். உலகச் சண்டைக் காலத்தில் ஊருக்குள் புதிதாக ஒரு வார்த்தை வந்திருந்தது: வைட்டமின் ஸி. ஈறில் ரத்தம் வருகிறவர்களுக்கும் உடம்பு தேறாதவர்களுக்கும் அதுதான் மருந்து, பட்டாளத்துக்காரர்களுக்கு நெல்லிக்காயிலிருந்துதான் அதை மாத்திரையாக்கிக் கொடுக்கிறார்கள் என்று யாரோ ஒரு டாக்டர் ஜெயினம்புவிடம் சொன்னார். அவள் பிடித்துக்கொண்டாள். கூடை கூடையாக நெல்லி வாங்கி, இடித்துச் சாறு பிழிந்து, நாள் முழுக்கக் காய்ச்சிக் குழம்பாக்கி, வெயிலில் வைத்து உருட்டினாள். ஓர் உருண்டை இருபது காய்க்குச் சமம் என்பாள். ஈறு வீங்கியவர்கள் யார் வந்து நின்றாலும் கொடுத்தாள்.

சிக்கந்தர் அவளுடைய கொழுந்தன். பெரிய பாத்திரக்கடைக்காரர். இந்த வீட்டைப் பாகம் பிரிப்பதில் தகராறு வந்து இரண்டு குடும்பத்துக்கும் பேச்சு நின்றுபோயிருந்தது. ஆனாலும் அவருக்கு ஈறில் ரத்தம் வருகிறது என்று கேள்விப்பட்டதும், ஜெயினம்பு மகள் கையில் ஒரு சீசா உருண்டை கொடுத்து அனுப்பினாள். அவர் தினமும் பத்துப் பன்னிரண்டு விழுங்கினார். வயிறு முறுக்கியது. கை துவண்டது. வலிப்பு வந்தது. போன வெள்ளிக்கிழமை மவுத்தாகிவிட்டார்.

“பேச்சுவார்த்தையே இல்லாதவ மருந்து கொடுத்து அனுப்புவாளா? அது விஷமாத்தான் இருக்கும்” என்றார் சப்-இன்ஸ்பெக்டர். இரக்கம் காட்டியதே அவளுக்கு எதிரான சாட்சியாகிவிட்டது. இதைவிடக் கொடுமை உலகத்தில் குறைவு.

சாயிரா பக்கத்து வீட்டில் இரண்டு டம்ளர் டீ போட்டுக் கொண்டு வந்தாள். பதினேழு வயதுப் பெண். வெள்ளைத் துப்பட்டியின் ஓரத்தில் சிலேட்டுப் பலப்பத்தால் தீற்றியது போலச் சாம்பல் கறை. முதல் டம்ளரை நீட்டும்போது அவள் மணிக்கட்டு மடங்கியது. டம்ளர் விழுந்து உருண்டது.

ஆண்டிச்சாமி காலைத் தூக்கிக்கொண்டான். “பரவால்ல தாயி. காலுக்கும் டீ குடிச்சுப் பல நாளாச்சு.”

முகைதீன் பிச்சை சிரிக்கவில்லை. “கைய நீட்டும்மா.”

நீட்டினாள். உள்ளங்கை கீழ் நோக்கித் தொங்கியது. எவ்வளவு முயன்றும் நிமிரவில்லை.

“நீயும் சாப்பிட்டியா?”

“தெனம் நாலு, மாமு. நிக்காஹ்வுக்குள்ள உடம்பு தேறட்டும்னு அம்மாதான் குடுத்தாங்க.”

“இத ஏன் யார்கிட்டயும் சொல்லல?”

அவள் தரையைத் துடைத்துக்கொண்டே சொன்னாள்: “சொன்னா உருண்டையிலதான் விஷம்னு உறுதியாயிரும்ல. அம்மாவத்தான தூக்குல போடுவாக.”

முகைதீன் பிச்சையின் விரல்களுக்கிடையே மணி உருள்வது நின்றது.

“ஒங்கம்மா சாப்பிட்டாங்களா?”

“பல்லு கூசும்னு தொட மாட்டாங்க.”

“இதுவும் எஸ்.ஐ.க்கு வசதிதான்” என்றான் ஆண்டிச்சாமி.

“பெத்த மகளுக்குக் கொடுத்ததத்தான் கொழுந்தனுக்கும் அனுப்பியிருக்காங்க, மாப்ள. அத யோசி.” அவர் சீசாவைத் திறந்து, ஓர் உருண்டையை நாக்கு நுனியில் தொட்டு உடனே வெளியே போய்த் துப்பினார். வாயைக் கொப்பளித்துவிட்டு வந்தார். “இது ஏன் தித்திக்குது?”

“மார்கழியில காய்ச்சுன இந்தத் தடவைதான் அப்படி, மாமு. முந்தி கடும் புளிப்பா இருக்கும். சிக்கந்தர் சாச்சா இந்த ருசிக்காகவே அள்ளித் தின்னாங்களாம்.”

“சீனி போட்டீங்களா?”

“ரேஷன் சீனி டீக்கே பத்தல.”

“கருப்பட்டி?”

“எதுவும் சேக்க மாட்டாங்க. சேத்தா சத்துப் போயிரும்பாங்க.”

முகைதீன் பிச்சை எழுந்தார். “நீ இனிமே ஒரு உருண்டைகூடத் தொடக்கூடாது. இப்பவே பக்கத்து வீட்டம்மாவக் கூட்டிக்கிட்டுப் பெரியாஸ்பத்திரிக்குப் போ. கையக் காட்டு. ஒங்கம்மாவ நான் பாத்துக்கிறேன்.”

சந்துக்கு வந்ததும் ஆண்டிச்சாமி கேட்டான்: “எங்கண்ணே போறோம்?”

“தித்திப்பு எங்க இருந்து வந்துச்சோ, அங்க.”

நெல்லிக்காய் வரும் திருவாதவூருக்கு அவர்கள் ஏறிய பஸ் பெட்ரோல் பஸ் அல்ல. பின்னால் கரி அடுப்பைக் கட்டிக்கொண்டு, அந்தப் புகையில் ஓடும் சண்டைக் காலத்துப் பஸ். ஒவ்வொரு மேட்டிலும் ஆட்கள் இறங்கித் தள்ள வேண்டியிருந்தது.

“டிக்கெட்டும் வாங்கிட்டு வண்டியையும் நாமளே தள்றோம்” என்றான் ஆண்டிச்சாமி, முகமெல்லாம் கரியாக. “டிரைவர உள்ள உக்கார வச்சு நாமதாண்ணே திருவாதவூருக்குக் கூட்டிட்டுப் போறோம்.”

கண்மாய்க் கரையை ஒட்டிய குடிசை வாசலில் ராமக்காள் நெல்லிக்காய் பொறுக்கிக்கொண்டிருந்தாள். கரையிலிருந்த நெல்லி மரங்களைக் குத்தகைக்கு எடுத்து, கூடையில் மதுரைக்குச் சுமந்து விற்பவள். ஜெயினம்புவுக்குக் காய் கொடுப்பதும் அவள்தான். விஷயத்தைச் சொன்னதும் கையிலிருந்த காய் கீழே விழுந்தது.

“அந்தம்மாவா? எடைக்கு மேல நாலு காய் விழுந்துட்டாப் பின்னாடியே ஓடியாந்து கூடையில போட்டுட்டுப் போகும். அதா விஷம் வைக்கும்?”

“காய் எப்பவாவது தித்திக்குமா?”

“எம் மரத்துக் காயா?” அவள் ஒன்றை எடுத்து ஆண்டிச்சாமியிடம் நீட்டினாள். “தின்னுட்டு நீயே சொல்லு.”

பசித்தவன் கடித்தான். ஒரு கண் மூடிக்கொண்டது. மற்றக் கண்ணில் நீர் வந்தது. “அண்ணே, காய்மேல குத்தம் இல்ல. எங்க அம்மாச்சி செத்தப்பகூட நான் இப்படி அழுகல.”

“எம் புருஷனுக்கு ஈறு வீங்கினப்ப அந்தம்மா கார்த்திகையில உருண்டை குடுத்துச்சு. இன்னும் கெடக்கு” என்று உள்ளே போய் ஒரு துணி முடிச்சைக் கொண்டு வந்தாள் ராமக்காள். பின்புறம் அவள் புருஷன் கண்ணுச்சாமி விறகு பிளக்கும் சத்தம் கேட்டது. கோடரி ஓங்கி விழுந்தது. அந்தக் கைக்கு ஒரு குறையும் இல்லை.

முகைதீன் பிச்சை முடிச்சிலிருந்த உருண்டையை நாக்கில் தொட்டார். கடும் புளிப்பு. துளித் தித்திப்பு இல்லை.

“அதே மரம். அதே கை” என்று தனக்குள் சொல்லிக்கொண்டார். “கார்த்திகைக்கும் மார்கழிக்கும் நடுவுல எது மாறுச்சு?”

“சட்டிதான் மாறுச்சு” என்றாள் ராமக்காள், காய் பொறுக்கியபடியே. “முந்தி மண்சட்டியிலதான் காய்ச்சும். அது ஒடைஞ்சு போச்சு. போன தடவை நான் போனப்ப ஒரு பித்தளைச் சட்டி கண்ணாடி மாதிரி மின்னிக்கிட்டு இருந்துச்சு. புதுசா ஈயம் பூசுனதுன்னு சந்தோசமாச் சொன்னுச்சு.”

முகைதீன் பிச்சை அவளைக் கும்பிட்டார். அவள் திகைத்துப் போய்க் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு பதிலுக்குக் கும்பிட்டாள்.

பித்தளைச் சட்டி கோரிப்பாளையம் வீட்டில் அடுப்பின்மேல் கவிழ்ந்து கிடந்தது. இப்போது அது மின்னவில்லை. உட்புறம் மங்கிய நீலச் சாம்பல் நிறமாக, மழைக்கால வானம் போல இருந்தது.

“துண்டக் குடு, மாப்ள.”

“இது நேத்துத்தான் வெளுத்ததுண்ணே.”

முகைதீன் பிச்சை வாங்கி, சட்டிக்குள் அழுத்தித் தேய்த்தார். வெள்ளைத் துண்டில் பென்சிலால் கிறுக்கியது போலக் கோடுகள் விழுந்தன.

“சாயிரா துப்பட்டியில இதே கறையப் பாத்தேன். சட்டியத் துடைச்சிருக்கு. நல்ல ஈயம் இப்படிக் கோடு போடாது.”

“ஈயத்துல என்னண்ணே நல்லது கெட்டது? அக்ரகாரத்துல ஈயச் சொம்புல ரசமே வைக்கிறாங்க.”

“அது வெள்ளீயம். மலாய் நாட்டுல இருந்து வந்துக்கிட்டு இருந்துச்சு. சிங்கப்பூர ஜப்பான்காரன் புடிச்ச பொறகு வரத்து ஏது? கண்மாயில மீன் புடிக்கிறவன் வலையில குண்டு கட்டுறானே, அது காரீயம். ரெண்டுக்கும் நம்ம வாயில ஒரே பேருதான். ஈயம். ஆனா காரீயத்துல புளிப்பு பட்டா அது தித்திப்பாகும். தித்திச்சுக்கிட்டே ஆளக் கொல்லும்.”

ஆண்டிச்சாமி காலையில் உருண்டையைப் பிடித்திருந்த தன் விரல்களை விரித்துப் பார்த்தான். போய்த் தண்ணீர் ஊற்றி இரண்டு தடவை கழுவினான்.

ஈயம் பூசும் பாதுஷா தர்கா மதிலோரத்தில் துருத்தியை விரித்து உட்கார்ந்திருந்தான். நெருப்பு இல்லை. அவர்களைக் கண்டதும் எழுந்தான், மறுபடி உட்கார்ந்தான்.

“ஜெயினம்பு வீட்டுச் சட்டிக்கு நீதான பூசுன?”

“ஆமா பாய். கூலி வாங்கல. எம் பிள்ளைக்கு ஈறு வீங்கினப்ப சும்மா மருந்து குடுத்த மனுஷி. நான் எப்படிக் கூலி வாங்குவேன்?”

“ஈயம் எங்க வாங்குன?”

அவன் துருத்தியின் தோலைத் தடவினான். “மவுத்தானவரைப் பத்திப் பேசக்கூடாதேன்னுதான் பாய் சும்மா இருந்தேன். சிக்கந்தர் முதலாளி கடையிலதான்.”

ஆண்டிச்சாமி மெல்லக் குந்தி உட்கார்ந்தான்.

“‘ஈயம் இருக்கா மொதலாளி’ன்னு கேட்டேன். கம்பியா வார்த்து வச்சிருந்ததக் குடுத்தாரு. வெள்ளையா இல்லையேன்னேன். ‘ஈயந்தான கேட்ட, இதுவும் ஈயந்தான்’னாரு. எந்தப் பாத்திரத்துக்குன்னு அவரும் கேக்கல, நானும் சொல்லல.”

“வேற யாருக்குப் பூசுன?”

“யாருக்கும் இல்ல பாய். அந்தச் சட்டி மறுநாளே மங்கிப்போச்சு. அதோட மீதிக் கம்பியத் தூக்கி ஓரமாப் போட்டுட்டேன்.”

“மங்கிப் போச்சுன்னு தெரிஞ்சும் அவங்ககிட்டச் சொல்லலையா?”

பாதுஷா தலை குனிந்தான். “சும்மா பூசிக் குடுத்தது தானேன்னு விட்டுட்டேன்.”

முகைதீன் பிச்சை அவனைத் திட்டவில்லை. செய்த நன்மையைப் பாதியில் விட்டவனுக்கு அவன் மனசே போதுமான அடி கொடுத்துக்கொண்டிருந்தது. மீதிக் கம்பியை மட்டும் கேட்டு வாங்கிக்கொண்டார்.

சப்-இன்ஸ்பெக்டர் கம்பியை மேசைமேல் உருட்டிப் பார்த்தார்.

“செத்தவர் மேல பழி போடுறது சுலபம் பிச்சை. பதில் பேச வரமாட்டார் பாரு. இந்தப் பாதுஷா அந்தப் பொம்பளைக்கு வேண்டியவன். அவளே இதப் பூசச் சொல்லியிருந்தா? சிக்கந்தர் காரீயம் வித்தார்னு அவர் வீட்ல இருந்து யாராவது வந்து சொல்லட்டும், நான் பேனாவ மூடி வைக்கிறேன். இல்லேன்னா நாளைக்குக் கோர்ட்டு.”

உள்ளே, கம்பிக்கு அந்தப் பக்கம், ஜெயினம்பு முக்காட்டை இழுத்துவிட்டபடி நின்றாள். அவள் கேட்டது ஒன்றே ஒன்று. “எம் மக சாப்பிட்டாளாண்ணே?”

“ஆஸ்பத்திரிக்குப் போயிருக்கும்மா” என்றார் முகைதீன் பிச்சை. பொய் சொல்லத் தெரியாததால் உடனே வெளியே வந்துவிட்டார்.

சிக்கந்தர் வீட்டில் சொல்லக்கூடியவர் ஒருவர்தான்: அவர் மனைவி அமீருன்னிசா. போலீசில் புகார் கொடுக்கச் சொன்னவளும் அவள்தான். புருஷனுக்காக இத்தா இருப்பவள். நாலு மாதம் பத்து நாள் வீட்டைவிட்டு வரமாட்டாள், வெளி ஆண் முகம் பார்க்கமாட்டாள். முகைதீன் பிச்சை கதவுக்கு வெளியே, தொங்கும் திரைக்கு முன்னால் நின்று சலாம் சொன்னார்.

“ஒண்ணே ஒண்ணு கேக்க வந்தேம்மா. சிக்கந்தர் பாய் கடையில ஈயம் வித்தாரா?”

திரைக்குப் பின்னாலிருந்து குரல் சட்டென்று வந்தது. “அதெல்லாம் எனக்குத் தெரியாது. எங்க வீட்டு அடுப்புல சோறுதான் வேகும். வேற எதையும் உருக்குனதில்ல.”

ஆண்டிச்சாமி முகைதீன் பிச்சையின் முழங்கையை இடித்தான். ஈயம் விற்றதைப் பற்றித்தான் அவர் கேட்டிருந்தார். அடுப்பைப் பற்றியோ உருக்கியதைப் பற்றியோ ஒரு வார்த்தையும் பேசவில்லை.

ஆனால் அவர் அந்த வார்த்தையைப் பிடித்து இழுக்கவில்லை. திரையைப் பார்த்து மெதுவாகச் சொன்னார்: “சாயிராவுக்குக் கை தொங்கிப் போச்சும்மா. டீ டம்ளரப் புடிக்க முடியல. இன்னிக்கிக் காலையிலதான் பாத்தேன்.”

திரையின் ஓரம் அசைந்தது. பிறகு, “சாயிராவுக்குமா?” என்று மட்டும் கேட்டது.

“அவங்கம்மா தெனம் நாலு குடுத்திருக்காங்க. நல்லதுன்னு நம்பி.” அவர் மறுபடி சலாம் சொல்லிவிட்டுத் திரும்பினார்.

தெருமுனை வரை ஆண்டிச்சாமி பொறுத்துக்கொண்டான். “வாய்ல வந்து விழுந்துச்சேண்ணே. அப்பவே புடிச்சு உலுக்கியிருந்தா எல்லாம் கொட்டியிருக்கும்ல.”

“நான் ஏட்டா இருந்தப்ப உலுக்கித்தான் வாங்குனேன், மாப்ள. அப்படி வாங்குனதுல பாதி உண்மையில்ல. கதவ அவங்களாத் தொறக்கட்டும்.”

“தொறக்கலேன்னா?”

முகைதீன் பிச்சை மணியை உருட்டினார்.

அந்தித் தொழுகைக்கு மஃரிப் பாங்கு சொல்லி முடிந்த நேரம். ஸ்டேஷனில் விளக்கேற்றிவிட்டு சப்-இன்ஸ்பெக்டர் குற்றப்பத்திரிகை எழுதத் தொடங்கியிருந்தார். சாயிரா ஆஸ்பத்திரியிலிருந்து வந்து வாசல் படியில் உட்கார்ந்திருந்தாள். வலது மணிக்கட்டில் மூங்கில் தப்பை வைத்துக் கட்டியிருந்தது. கை பழையபடி வருமா என்று கேட்டதற்கு, டாக்டர் பார்க்கலாம் என்று மட்டும் சொன்னாராம்.

“‘பார்க்கலாம்’னா டாக்டர் பாஷையில நல்லாயிரும்னு அர்த்தம் தாயி” என்றான் ஆண்டிச்சாமி. அவன் குரலில் அவனுக்கே நம்பிக்கை இல்லை.

அப்போது ஒரு கூண்டு வண்டி வாசலில் வந்து நின்றது. நான்கு புறமும் துணி கட்டியிருந்தது. வண்டிக்காரன் இறங்கித் தள்ளிப் போய் முகத்தைத் திருப்பிக்கொண்டு நின்றான்.

துணிக்கு உள்ளிருந்து அமீருன்னிசாவின் குரல் வந்தது.

“இன்ஸ்பெக்டர் ஐயாவக் கூப்பிடுங்க. இத்தாவுல இருக்கிறவ வாசல் தாண்டக்கூடாது. தாண்டி வந்திருக்கேன். ஒரு உசுரு போகப் போகுதுன்னு தெரிஞ்சும் உள்ளயே உக்காந்திருந்தா நான் இருக்கிறது இத்தாவே இல்ல.”

சப்-இன்ஸ்பெக்டர் எழுந்து வந்தார். துணி விலகி ஒரு கை வெளியே நீண்டது. அந்தக் கையில் நீளக் காம்புள்ள ஓர் இரும்புக் கரண்டி. கரண்டிக்குள் சாம்பல் நிறத்தில் உறைந்த உலோகம். அதற்குள், முழுதாக உருகாமல், ஓட்டை போட்ட ஒரு வலைக்குண்டு.

“மலாயா சரக்கு வரலன்னு இதத்தான் உருக்கி வார்த்தாரு. எங்க வீட்டு அடுப்புலதான். சண்டை முடியிற வரைக்குந்தான், அப்பறம் விட்டுருவேன்னாரு. இதுல ஆளு சாவும்னு அவருக்குத் தெரியாது. அக்கா வீட்டுச் சட்டிக்குப் போயி, அதுல காய்ச்சுன மருந்து தனக்கே திரும்பி வரும்னும் தெரியாது. மருந்த வாயில போட்டுக்கிட்டே, ‘மதினிக்கு என்ன கைமணம் பாரு, எம்புட்டு தித்திப்பு’ன்னாரு. ரெண்டு வருஷங் கழிச்சு அன்னைக்குத்தான் அக்காவப் பத்தி ஒரு நல்ல வார்த்தை சொன்னாரு.”

கொன்றவரைத் தேடிக்கொண்டிருந்த வழக்கில் கொன்றவரும் செத்தவரும் ஒருவராகவே இருந்தார்.

சப்-இன்ஸ்பெக்டர் கரண்டியை வாங்கி விளக்கு வெளிச்சத்தில் பார்த்தார். பாதுஷாவின் கம்பியை அதன் பக்கத்தில் வைத்தார். இரண்டும் ஒரே நிறம். அவர் உள்ளே போனார். பேனாவை மூடும் சின்னச் சத்தமும், பிறகு சாவிக் கொத்தின் சத்தமும் கேட்டன.

ஜெயினம்பு வெளியே வந்தாள். மகளின் கட்டுப் போட்ட கையைப் பார்த்ததும் அவளுக்கு எல்லாம் புரிந்துவிட்டது. எதைச் சேர்த்தேன், எங்கே தவறினேன் என்று ஒன்றும் கேட்கவில்லை. படியிலேயே உட்கார்ந்து அந்தக் கையைத் தன் மடியில் எடுத்து வைத்துக்கொண்டாள்.

“நாந்தான குடுத்தேன்” என்றாள். “தெனம் எங்கையாலதான குடுத்தேன்.”

ஆண்டிச்சாமி உள்ளே ஓடிப் பானையிலிருந்து ஒரு டம்ளர் தண்ணீர் மொண்டு வந்தான். சாயிரா பழக்கத்தில் வலது கையை நீட்டினாள். தப்பைக் கட்டையில் இடித்து டம்ளர் ஆடியது. ஜெயினம்பு வாங்கப் பார்த்தாள். மகளின் கையையும் டம்ளரையும் ஒரே நேரத்தில் பிடிக்கப் போனதில் பாதித் தண்ணீர் படியில் சிந்தியது.

வண்டியின் துணி விலகியது. அமீருன்னிசா முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு இறங்கினாள். ஆண்கள் எல்லோரும் திரும்பி நின்றார்கள். ஆண்டிச்சாமி முதல் ஆளாகச் சுவரைப் பார்த்து நின்றான்.

அவள் படியில் ஜெயினம்புவுக்கு அடுத்தாற்போல் உட்கார்ந்து டம்ளரை வாங்கி, சாயிராவின் வாயருகே ஆடாமல் பிடித்தாள்.

“குடிம்மா” என்றாள். “சாச்சி புடிச்சுக்கிறேன்.”